திறந்துவிட்டு வளர்க்கும் நாட்டுக்கோழிகளுக்குப் பாதுகாப்பு: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைச் சுற்றிப் பத்து, பதினைந்து கோழிகளை மேயவிட்டு வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. நூற்றுக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணைகளுக்கு இவை அப்படியே பொருந்தமாட்டா.

கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பிடிப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கூட்டுக்குச் செலவு செய்வதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். பருந்துக்கு வலை கட்டியவர் வீட்டில் மரநாய் ஓட்டைப் பிரித்து இறங்குவதும், கீரிக்காகத் தரையில் காரை போட்டவர் வீட்டில் தெருநாய் பகலில் வந்து போவதும் அடிக்கடி நடக்கின்றன. எனவே முதலில் நேரத்தைக் கவனியுங்கள். இழப்பு பகலில் நேர்ந்ததா, இரவில் நேர்ந்ததா என்பது தெரிந்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். நம் பக்கத்துக் கீரி பகலில் இரை தேடி, இரவில் வளைக்குத் திரும்பும் பிராணி. நள்ளிரவில் கூட்டுக்குள் கோழி செத்திருந்தால் கீரியைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. அப்போது மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு ஆகியவற்றைத்தான் நினைக்க வேண்டும்.

அடுத்து, எஞ்சியிருப்பதைப் பாருங்கள். நாலைந்து கோழிகள் ஒரே சமயத்தில் செத்துக் கிடந்து, முதுகிலும் வால் பக்கத்திலும் கடிபட்டு, இறகுகள் முற்றமெங்கும் சிதறி, ஆனால் இறைச்சி பெரும்பாலும் தின்னப்படாமல் இருந்தால் அது நாயின் வேலை. நாய் பசிக்காக மட்டும் பிடிப்பதில்லை. கோழி ஓடுவதனாலேயே துரத்துகிறது. கழுத்திலும் தலையின் பின்புறத்திலும் சிறு பல் துளைகள் இருந்து, தலை மட்டும் தின்னப்பட்டிருந்தால் பகலில் கீரியையும் இரவில் மரநாயையும் சந்தேகிக்கலாம். கீரி இரத்தத்தை உறிஞ்சிவிட்டுப் போகிறது என்று பலர் சொல்வது, கழுத்தில் காயம் இருந்தும் உடல் முழுதாகக் கிடப்பதால் எழுந்த எண்ணம். அது கழுத்தைக் கடித்துக் கொல்கிறது. இழுத்துச் செல்ல முடியாத அளவுக்குக் கோழி பெரிதாக இருந்தால் போட்டுவிட்டுப் போகிறது. நரியும் காட்டுப்பூனையும் கோழியை முழுதாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவதால், வேலியோரம் வரை ஆங்காங்கே விழுந்த சில இறகுகளைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

குஞ்சு விஷயத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பட்டப்பகலில் ஒரு குஞ்சு தடயமின்றி மறைந்தால் காகம், பருந்து, வல்லூறு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். இரவில் மூடிய கூட்டுக்குள்ளிருந்து குஞ்சு மறைந்து, சுவரோரம் புதிய மண் தள்ளப்பட்டிருந்தால் பெருச்சாளி. செத்துக் கிடக்கும் குஞ்சின் தலையும் கழுத்தும் தோள்வரை நனைந்து, இறகு ஒட்டிக்கொண்டு, கடிகாயமே தெரியாமல் இருந்தால், பாம்பு விழுங்கத் தொடங்கி அளவு கொள்ளாததால் கக்கிவிட்டுச் சென்றது என்று உறுதியாகச் சொல்லலாம். ஓடுகூட இல்லாமல் முட்டைகள் காணாமல் போவதற்கும் பெரும்பாலும் பாம்போ உடும்போதான் காரணம். விளிம்பு கடித்துக் குதறிய ஓடு கிடந்தால் அது எலி.

ஐயம் தீராவிட்டால் கூட்டைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு நைஸ் மணலைப் பரப்பி, மாலையில் துடைப்பத்தால் சமன் செய்துவிட்டுக் காலையில் காலடித் தடத்தைப் பாருங்கள். கடற்கரையோரத்து ஊர்களில் இதற்கு மணல் வாங்கக்கூட வேண்டியதில்லை.

இரவுக் கூட்டை எப்படி அமைப்பது? கோழி வலை போதாதா?

கடைகளில் கோழி வலை என்று கொடுக்கப்படும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கம்பிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். வேட்டையாடும் பிராணி உள்ளே வராமல் தடுக்காது. நாய் அதைப் பல்லால் இழுத்துக் கிழித்துவிடும். மரநாயும் பூனையும் அதன் கண்ணுக்குள் கையை விட்டு, வலையோரம் உறங்கும் கோழியின் காலைப் பிடித்து இழுக்கும். கீழ்ப்பகுதியில் இரண்டடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண்ணளவுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை) வேண்டும். மேற்பகுதிக்கு ஓர் அங்குலக் கண் இருந்தாலும் குற்றமில்லை என்று சிலர் சொல்வார்கள். பாம்பையும் எலியையும் கணக்கில் கொண்டால் கூடு முழுவதற்கும் அரை அங்குலமே நல்லது. பத்துக் கோழிகள் இரவில் மட்டும் அடையும் கூட்டுக்கு நான்கடிக்கு நான்கடி இடம் போதும் என்பதால், முழுவதற்கும் நல்ல வலை போட்டாலும் செலவு கைமீறிப் போகாது. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, அரியாங்குப்பம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. வலையையே வாங்க வேண்டும். சாதாரணக் கம்பி துருவேறி, கையால் அழுத்தினாலே உதிரும் நிலைக்கு விரைவில் வந்துவிடும். துருப்பிடித்த மூலை எதுவென்று உங்களைவிடக் கீரிக்கு முன்னதாகத் தெரியும்.

தரை விஷயத்தில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, காரை போட்ட தரை. இன்னொன்று, நான்கு கால்களின் மேல் இரண்டரை அல்லது மூன்றடி உயரத்தில் நிற்கும் கூடு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் நம் பகுதிக்கு உயர்த்திய கூடே ஏற்றது என்பது என் கருத்து. எச்சம் கீழே விழுந்துவிடுவதால் கூடு ஈரமின்றியும் இருக்கும். கால்களில் எலியும் பாம்பும் ஏறாதிருக்க, ஒவ்வொரு காலிலும் வழவழப்பான தகரத்தை ஒன்றரை அடி உயரத்துக்குச் சுற்றி அடித்துவிட வேண்டும். கூட்டுக்கு மேலே முருங்கைக் கிளையோ பந்தலோ தொட்டுக்கொண்டிருந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். மரநாய் மேலிருந்து இறங்கும். மண் தரையில்தான் கூடு என்றால், சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்கு வலையைப் புதையுங்கள். அது கடினமாக இருந்தால், கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்கவைத்து மேலே மண் போட்டு மூடுங்கள். தோண்டும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். அங்கே வலை தட்டுப்பட்டால், இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

கூரையைப் பற்றி ஒரு சொல். நாட்டு ஓடு போட்ட கூரையில் மரநாய் ஓட்டை விலக்கிவிட்டு இறங்கும். புதுச்சேரியின் பழைய ஓட்டு வீடுகளில் பரணுக்கு மேல் மரநாய் குடியிருப்பது ஒன்றும் புதுச் செய்தி அல்ல. எனவே ஓட்டுக்கு அடியிலும் ஒரு வலை இருக்க வேண்டும்.

தாழ்ப்பாள் போட்டும் உள்ளே வந்துவிட்டது. எப்படி?

கதவின் கீழ் இடைவெளியைப் பாருங்கள். கீரிக்கும் பெருச்சாளிக்கும் தலை நுழையும் இடம் இருந்தால் உடலும் நுழைந்துவிடும். மழையில் ஊறி வெயிலில் காய்ந்த மரக்கதவு ஒரு பருவத்திலேயே வளைந்துபோய் மூலையில் விலகி நிற்கும். பகலில் இது தெரியாது. இரவில் கூட்டுக்குள் கைவிளக்கை ஏற்றி வைத்துவிட்டு, வெளியே இருட்டில் நின்று பார்த்தால் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது. கொண்டியைத் தூக்கினால் திறந்துகொள்ளும் கதவுக்கு, நாய் மோதினாலே போதும். நழுவும் தாழ்ப்பாளும் அதன் துளையில் ஒரு கொக்கியும் இருக்கட்டும்.

எத்தனை மணிக்கு அடைத்து, எத்தனை மணிக்குத் திறந்துவிட வேண்டும்?

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அந்தி மங்கும்போது தானாகக் கூட்டுக்குள் ஏறிவிடும் கோழிகளை எண்ணிப் பார்த்து, அப்போதே கதவை மூடிவிட வேண்டும். தொலைக்காட்சி பார்த்துவிட்டு எட்டு மணிக்குப் போய் மூடுவது, இரவு வேட்டைக்காரர்களுக்கு ஒன்றரை மணி நேரம் வாசலைத் திறந்து வைத்ததற்குச் சமம். கடலூரில் கார்த்திகை, மார்கழியில் ஐந்தே முக்கால் மணியளவிலும், ஆனி மாதத்தில் ஆறரை மணியைத் தாண்டியும் கதிரவன் மறைகிறது. கடிகாரத்தைப் பார்த்து அடைப்பவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

காலையில் நன்றாக வெளிச்சம் வந்து, தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கிய பிறகே திறப்பது நல்லது. விடியற்காலையில்தான் நாய்க்கூட்டம் தெருத் தெருவாகச் சுற்றுகிறது. நரியும் காட்டுப்பூனையும் இரவு உலாவை முடித்துக்கொண்டு திரும்பும் நேரமும் அதுவே. ஏழு மணிக்குத் திறப்பதால் கோழிக்கு மேய்ச்சல் குறைந்துவிடாது. கூவுகிறதே என்று ஐந்து மணிக்கே திறந்துவிடும் பழக்கத்தை மாற்றினாலே பல வீடுகளில் இழப்பு பாதியாகக் குறையும்.

குஞ்சுகளைப் பருந்து தூக்கிச் செல்கிறது. என்ன செய்வது?

முதலில் எந்தப் பறவை என்று பிரித்தறிய வேண்டும். வானத்தில் வட்டமிடும் கரும்பருந்தும், உப்பங்கழியோரங்களில் அதிகம் காணப்படும் வெள்ளைத் தலை கொண்ட செம்பருந்தும் திறந்த வெளியில் இருக்கும் சிறு குஞ்சை மேலிருந்து பாய்ந்து தூக்கும். செம்பருந்தைக் கருடன் என்று கும்பிடுபவர்கள்கூடக் குஞ்சு போன அன்று வேறு பெயர் சொல்லித்தான் திட்டுகிறார்கள். வல்லூறு வேறு வகை. புறா அளவேயுள்ள அது வட்டமிடாது. வேப்பமரக் கிளைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து, தாழப் பறந்து வந்து அடித்துக்கொண்டு போகும். மேலே ஒன்றும் இல்லையே என்று நம்பியிருக்கும் வேளையில் குஞ்சைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இதனிடம்தான். தை தொடங்கிக் கோடைவரை இப்பறவைகளின் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும் காலமாதலால் அப்போது தாக்குதலும் கூடும்.

குஞ்சு பொரித்த முதல் ஆறு வாரம் முற்றத்தில் ஓரிடத்தை மேலும் பக்கமும் வலையிட்டு ஒதுக்கி, தாயோடு அங்கேயே வைத்திருப்பது உறுதியான வழி. நம் கடற்கரையில் இதற்கு ஒரு வசதி உண்டு: கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கத்திலும் மீனவர் ஊர்களிலும் கழித்துப் போட்ட பழைய நைலான் வலைகள் மலிவாகக் கிடைக்கும். ஏழெட்டு அடி உயரத்தில் நான்கு கழிகளை நட்டு, இடையில் தொய்யாதவாறு இழுத்துக் கட்டினால் பருந்துக்கும் காகத்துக்கும் அது போதுமான தடை. ஆனால் இந்த வலையைத் தரைவரை தொங்கவிடாதீர்கள். சாரைப்பாம்பு அதில் சிக்கி உடல் அறுபட்டுச் சாகும். சில சமயம் சிக்கியிருப்பது நல்ல பாம்பாகவும் இருக்கும். பக்கங்களின் கீழ்ப்பகுதிக்குக் கம்பிவலையே வேண்டும்.

வலையிட வசதியில்லாதவர்கள் மறைவிடம் அமைக்கலாம். கோழி, தலைக்கு மேல் நிழல் கண்டால் ஓடி ஒளியப் பிறந்தது. ஓடுவதற்கு இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தடிக்கு ஒன்றாக வாழைக் கன்று, செம்பருத்திப் புதர், சாய்த்து வைத்த தென்னங்கீற்று என்று இருந்தால் தாய் குரல் கொடுத்த மறுகணம் குஞ்சுகள் உள்ளே போய்விடும். பழைய கயிற்றுக்கட்டில் ஒன்றை முற்றத்தின் நடுவில் போட்டுவைப்பதைவிட எளிய பாதுகாப்பு வேறில்லை. இந்தப் புதர்கள் கூட்டை ஒட்டி இருக்கக்கூடாது. மேயும் இடத்தில் மறைவு கோழிக்கு உதவும். கூட்டின் பக்கத்தில் மறைவு கீரிக்கு உதவும். கூட்டைச் சுற்றி ஏழெட்டு அடிக்குக் களையின்றி வெட்டவெளியாக வைத்திருங்கள்.

பழைய சி.டி. தட்டுகளையும் பளபளக்கும் நாடாக்களையும் கட்டித் தொங்கவிடுவது சில நாட்களுக்குப் பலன் தரும். பறவைகள் பழகிவிட்டால் அதன்மேலேயே வந்து உட்காரும். இடத்தை அடிக்கடி மாற்றினால் பலன் சற்று நீடிக்கும்.

பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் போதுமா?

பகலில், கண்பார்வையில், மேலே ஒரு கல்லை வைத்துக் கவிழ்த்தால் போதும். இரவில் முற்றத்தில் பஞ்சாரத்தை நம்பக்கூடாது. நாய் அதைப் புரட்டிவிடும். பெருச்சாளி அடியில் பறிக்கும். மூங்கில் சிம்புகளுக்கு இடையில் பாம்பு எளிதாக நுழையும். பஞ்சாரத்தோடு தூக்கி வீட்டுக்குள்ளோ காரைத் தரையுள்ள தாழ்வாரத்திலோ வைத்துவிடுவதே நம் பாட்டிமார் செய்துவந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

காகம்தான் பெரிய தொல்லை. அதற்கு வழி உண்டா?

காகம் தாக்குவது பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களில்தான். சிறுவிடை என்னும் நாட்டு வகைத் தாய்க்கோழி தனியாகவே காகத்தை விரட்டிவிடும்; கிரிராஜா, வனராஜா போன்ற இனங்களின் குஞ்சுகளைக் கடையில் வாங்கித் தாயில்லாமல் வளர்ப்பவர்களுக்குத்தான் சிக்கல். அவர்கள் குஞ்சுகளை மூடிய இடத்தில் வைத்து வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாய்ப்பிருந்தால் அடைக்கோழி ஒன்றின்கீழ் இரவில் அந்தக் குஞ்சுகளைச் சேர்த்துவிடலாம். குஞ்சுகள் பொரித்து ஓரிரு நாட்களே ஆனவையாக இருந்தால் பெரும்பாலான நாட்டுக்கோழிகள் ஏற்றுக்கொள்ளும். முற்றத்தில் மீன் கழிவைக் கொட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும், காகத்தை அழைத்துவைத்துவிட்டுக் கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

சேவல் வைத்திருந்தால் பாதுகாப்பா? கினிக்கோழி, வான்கோழி, நாய் இவற்றில் எது உதவும்?

சேவல் சண்டைபோட்டுக் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பதைவிட, எச்சரிக்கை கொடுத்துக் காப்பாற்றும் என்று எண்ணுவது சரியாக இருக்கும். கூர்ந்து கேட்டால் அதன் எச்சரிக்கைக் குரல் இரண்டு வகையாக இருப்பது தெரியும். வானில் ஆபத்து என்றால் நீண்டு இழுக்கும் மெல்லிய குரல் ஒன்று எழும். உடனே பெட்டைகள் இருந்த இடத்திலேயே பதுங்கும் அல்லது புதருக்குள் ஓடும். சேவல் மட்டும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் ஆபத்து என்றால் கொக் கொக் என்று வெட்டி வெட்டி விடாமல் கத்தும். கோழிகள் பதுங்காமல் கழுத்தை நிமிர்த்தி நிற்கும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் வீட்டுக்குள் இருந்தபடியே வெளியில் வந்திருப்பது பருந்தா கீரியா என்று ஊகிக்கலாம். பத்துப் பெட்டைகளுக்கு வளர்ந்த சேவல் ஒன்று போதும்.

கினிக்கோழி புதிய உருவம் எதைக் கண்டாலும் ஊரைக் கூட்டும். பாம்பைக் கண்டால் சுற்றி நின்று கத்தும். பக்கத்து வீட்டாரோடு உறவு முக்கியம் என்பவர்கள் அதை வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். வான்கோழிக்கு உடல்பருமன் உண்டு. சிறு பிராணிகள் தயங்கும். இவை எல்லாவற்றையும்விட, குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்த நாட்டு நாய் சிறந்த காவல். வளர்ந்த நாயைக் கொண்டுவந்து கோழிகளுக்கு நடுவே விடுவது ஆபத்தான சோதனை.

கோழிகள் கூட்டுக்கு வராமல் மரத்தில் அடைகின்றன. அப்படியே விட்டுவிடலாமா?

நாய்க்கும் நரிக்கும் அது பாதுகாப்புதான். ஆனால் மரநாய் மரத்தில்தான் வாழ்கிறது. பெரிய ஆந்தையும் கிளையிலிருக்கும் கோழியை அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் சளியும் பிடிக்கும். மூன்று, நான்கு மாலை கூட்டுக்குள் மட்டுமே தீவனம் போட்டு அப்படியே மூடி, காலையில் தாமதமாகத் திறந்துவிட்டால் பழகிவிடும். கூட்டுக்குள் உயரமான சட்டம் இல்லாததாலேயே கோழி மரத்துக்குப் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு அங்குல அகலமுள்ள சட்டத்தைப் பொருத்தினால் போதும்.

கூட்டுக்குப் பாம்பு வருகிறது. எப்படித் தடுப்பது?

பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வருவதைவிட அதிகமாக எலிக்காகவே வருகிறது. இரவில் சிந்திக் கிடக்கும் தீவனம் எலியை அழைக்கிறது. எலி பாம்பை அழைக்கிறது. மாலையில் தீவனத் தட்டை எடுத்துவிட்டு, அரிசிக் குருணையையும் தவிட்டையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து, முட்டைகளைப் பகலில் இரண்டு முறை எடுத்துவிட்டால் வரவு பாதி நின்றுவிடும். கூட்டை ஒட்டி விறகு, செங்கல், தென்னை மட்டை அடுக்குவது கூடவே கூடாது.

முட்டை எடுக்கும்போது இருட்டுக்குள் வெறுங்கையை விடக்கூடாது. பகலானாலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டே எடுக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். உள்ளே பாம்பு இருந்தால் தள்ளி நின்று, தீயணைப்பு மீட்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லலாம். கடித்துவிட்டால் கயிற்றால் கட்டுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்கு மருந்து உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் அதே ஒரு மருந்து வேலை செய்வதால், பாம்பை அடித்து எடுத்துவரும் தேவையும் இல்லை.

சிறியாநங்கை வளர்த்தால் பாம்பு வராதாமே? பூண்டு, பெருங்காயம், பினாயில்?

சிறியாநங்கைச் செடிக்கு அடியிலேயே பாம்பு படுத்திருக்கும். பூண்டும் பெருங்காயமும் ஒரு மழைக்குக் கரைந்துவிடும். கரையாதபோதும் பாம்பு அவற்றைக் கண்டு திரும்பிப் போவதில்லை. பினாயிலும் மண்ணெண்ணெயும் கோழியின் மூச்சுக்குக் கேடு. இவற்றுக்குச் செலவிடும் பணத்தை வலைக்குச் செலவிடுங்கள்.

தெருநாய்களை என்ன செய்வது?

உண்மையில், ஊருக்குள் இருக்கும் வீடுகளில் பெருத்த இழப்புக்குக் காரணம் கீரியோ பருந்தோ அல்ல, நாய்தான். நாய்க்குக் கொடுக்க வேண்டிய கவனத்தைப் பலரும் கீரிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கரை அல்லது ஐந்தடி உயரத்தில் வேலியிட்டு, அடியில் இடைவெளியின்றி அடைப்பதே நிலையான தீர்வு. கிளுவையை நெருக்கமாக நட்டு, அதன் கீழ்ப்பகுதியில் கம்பிவலையைக் கட்டினால் செலவு குறையும். ஆண்டுகள் செல்லச் செல்ல வேலி வலுப்படும். கோழி இறைச்சிக் கழிவைத் தெரு முனையில் கொட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதை அக்கம்பக்கத்தாருடன் பேசித்தான் சாதிக்க முடியும். நாய்களைக் கொல்லச் சட்டம் இடம் தரவில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அவற்றுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்ய வேண்டிய பொறுப்பு உள்ளாட்சி அமைப்பைச் சேர்ந்தது. ஊராட்சி, நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் தெருவாசிகள் சேர்ந்து எழுத்து மூலமாக மனுக் கொடுங்கள்.

கோழியை மீட்கப் போய் நாய் உங்களைக் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

கீரியையும் மரநாயையும் பொறிவைத்துப் பிடிக்கலாமா? விஷம் வைக்கலாமா? மின்வேலி?

கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி, உடும்பு, சாரைப்பாம்பு, பருந்து ஆகிய அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. வயலோரத்து வீட்டில் கீரியும் சாரையும் இல்லாமற்போனால் எலி பெருகும்; எலி பெருகினால் குஞ்சும் தீவனமும் அதைவிடக் கூடுதலாகப் போகும். ஒரு கீரியை அகற்றிய இடத்துக்கு இன்னொரு கீரி வந்துசேரும், ஏனென்றால் அதை இழுத்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

வயலுக்குப் போடும் குருணை மருந்தை முட்டையில் வைப்பது கொடிய செயல். அதைத் தின்று செத்ததை நாயும் காகமும் கோழியும் கொத்தும். குழந்தை கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எலி பாஷாணமும் கோழி மேயும் இடத்தில் வேண்டாம். எலிக்கு மட்டும் எலிப்பெட்டி வைக்கலாம். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது மனிதக் கொலையில் முடியக்கூடிய குற்றம். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எந்த மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும்?

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையில் தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடக் கரையோர வயல்களில் நீர் நிறையும்போது எலிகளும் பாம்புகளும் மேட்டுப்பாங்கான வீட்டு மனைகளை நாடும். கூட்டைச் சுற்றி மண் இளகி, தோண்டுவதும் எளிதாகும். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இப்பகுதியைத் தாக்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். காற்றில் ஒரு தகடு தூக்கினாலும் அன்றிரவே உள்ளே வர வழி கிடைத்துவிடும் என்பதால், புயல் ஓய்ந்ததும் வீட்டுக் கூரையோடு கோழிக்கூட்டின் கூரையையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த ஆபத்துக் காலம் அறுவடை. நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்கள் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் மறைவிடம். கரும்பு வெட்டும்போது அவை இடம்பெயர்ந்து வீட்டோரம் வரும். எனவே பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு தொடங்கும் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வாரமும் கோழிகளை மாலை நான்கரைக்கே அடைத்துவிடுங்கள். சம்பா அறுவடைக்குப் பின் வயலில் எலி குறையும்போதும் இதே நிலைதான். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளை ஒட்டியவர்களுக்குக் காலக்கணக்கு என்று தனியாக இல்லை, ஆண்டு முழுவதும் கவனம் வேண்டும்.

காலையில் கோழி செத்துக் கிடந்தது, காயமே இல்லை. இதுவும் விஷஜந்துவா?

ஒரு கோழி மட்டும் என்றால் பாம்புக்கடியாக இருக்கலாம். அடுத்த நாளும் ஒன்று, அதற்கடுத்த நாள் இரண்டு என்று சென்றால் அது நோய். பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், இறகு தொங்கி ஒடுங்கி நிற்றல் ஆகியவை வெள்ளைக்கழிச்சல் நோயின் அறிகுறிகள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இறந்தவற்றைக் குப்பையில் வீசாமல், மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் நாய் தோண்டி எடுத்து, அந்தச் சுவையோடு உங்கள் முற்றத்துக்கே திரும்பி வரும்.

கடிபட்டுப் பிழைத்த கோழியைக் காப்பாற்ற முடியுமா? நாய் கடித்துச் செத்ததைச் சமைக்கலாமா?

பலவற்றைக் காப்பாற்றலாம். உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரியுங்கள். இரத்தத்தைக் கண்டால் அவையே கொத்திக் கொன்றுவிடும். காயத்தைச் சுற்றிய இறகுகளைக் கத்தரித்து, கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவி, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துத் தண்ணீர் கொடுங்கள். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம், இல்லையேல் இரண்டு நாளில் புழு வைத்துவிடும். வயிறு கிழிந்திருந்தாலோ, ஆழமான பல் துளை இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புதுச்சேரிப் பகுதியினருக்குக் குருமாம்பேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. விலங்கு கடித்துச் செத்த கோழியைச் சமைக்க வேண்டாம்.

இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. கோழிகளை என்ன செய்வது?

திறந்துவிடாமல் கூட்டிலேயே அடைத்துவிட்டுப் போங்கள். இரண்டு நாள் மேயாவிட்டால் கோழிக்கு ஒன்றும் ஆகாது. கவிழாத தட்டில் தண்ணீரும் போதிய தீவனமும் வைத்து, பக்கத்து வீட்டாரிடம் காலையில் ஒரு முறை தண்ணீர் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பாவம் என்று அவர்கள் திறந்துவிட்டால், மாலையில் எண்ணி அடைக்க யாரும் இல்லாத அந்த ஓர் இரவில்தான் கோழி போகும் என்பதை முன்னதாகவே சொல்லி வையுங்கள். கூடு சிறிதாக இருந்து பகலில் புழுங்கும் என்றால், மேலே ஓலையோ ஈரச் சாக்கோ போடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின்கீழ் பகல் முழுவதும் அடைத்துவைக்கக்கூடாது. அந்த மாதங்களில் கோழிகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போவதே நல்லது.